தண்டவாளம் வந்தால் தெரு போய்விடுமா?

‘டிராம் என்பது தாத்தா காலத்துச் சங்கதி’ என்று நம்மில் பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். சென்னையில் 1895இல் ஓடத் தொடங்கிய டிராம், நடத்திய நிறுவனம் நொடித்துப்போய் 1953இல் நின்றது. நின்றுபோனது பணமில்லாமல், நம் நினைவில் தங்கியதோ காலாவதியானது என்ற முத்திரை. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரமும் 1960இல் டிராமைக் கைவிட்டது. 1994இல் அதுவே புதிய டிராமைக் கொண்டுவந்தது. தரையோடு ஒட்டிய தாழ்தளப் பெட்டிகளில் சக்கர நாற்காலிகூடப் படியேறாமல் நுழையும்.

‘காருக்கு வழியடைத்தால் ஊரே ஸ்தம்பிக்கும்’ என்பதுதான் மிகவும் பிடிவாதமான நம்பிக்கை. ஸ்ட்ராஸ்பர்கின் நடுவிலுள்ள கிளேபர் சதுக்கத்தை, டிராம் வருவதற்கு முன், நாள்தோறும் சுமார் 50,000 வண்டிகள் கடந்தன. மேயர் கத்ரீன் ட்ரோட்மான் 1992இல் அந்த ஊடுவழியை மூடினார். ஊர் முடங்கவில்லை. அவ்வண்டிகளில் கணிசமானவை நகர மையத்தில் வேலை இல்லாதவை. குறுக்கே புகுந்து போனவை. அவை சுற்றுவழிக்கு மாறின. டிராம் வந்தபின், மையத்துக்கு வர வேண்டியவர்கள் புறநகர் நிறுத்தத்தில் காரை விட்டு டிராம் ஏறினார்கள். இன்று அந்தச் சதுக்கம் முழுக்க நடப்பவர்களுடையது. இருந்தும் இந்தப் பயம் தீராததற்குக் காரணம், நெரிசலில் நிற்கும் வண்டிகள் நம் கண்ணில் படுகின்றன. அவற்றால் நடக்க இடமின்றி வீட்டோடு முடங்கிய முதியவர் படுவதில்லை.

‘கடைகள் அழியும்’ என்பதில் பாதி உண்மை உண்டு. அதை மறைக்கக் கூடாது. சிட்னியின் ஜார்ஜ் தெருவில் டிராம் பாதைக் கட்டுமானம் இழுத்தடித்தபோது வியாபாரிகள் நட்டப்பட்டு வழக்குத் தொடுத்தார்கள். அந்த நட்டம் பள்ளம் தோண்டிய காலத்தில் வந்தது. 2019இல் டிராம் ஓடத் தொடங்கியது. அத்தெருவின் மையப்பகுதியில் இன்று மக்கள் தாராளமாக நடக்கிறார்கள். வேண்டியது, வேலையைக் குறித்த காலத்தில் முடிப்பதும் இழப்பீடும்தான்.

‘மின்கம்பி பழைய நகரின் அழகைக் கெடுக்கும்’ என்பதற்குப் பிரான்சின் போர்தோ நகரம் 2003இலேயே பதில் சொல்லிவிட்டது. அங்கே நகர மையத்தில் மின்சாரம் தண்டவாளங்களுக்கு நடுவே தரையிலிருந்து வருகிறது. டிராமின் அடியில் உள்ள துண்டில் மட்டுமே மின்னோட்டம் இருக்கும்.

ஆதரவாளர்களுக்கும் ஒரு மூடநம்பிக்கை உண்டு: தண்டவாளம் போட்டாலே பொதுவெளி தானாக மலரும் என்பது. கிளேபர் சதுக்கத்தை மீட்டது, காரிடமிருந்து இடத்தைத் திரும்பப் பெறும் துணிவு. அது இல்லாத இடத்தில் தண்டவாளம் தெருவின் நெருக்கடியைக் கூட்டவே செய்யும். நம் ஊரில் இத்தகைய திட்டம் பேசப்படும்போது, எத்தனை கிலோமீட்டர் என்பதற்கு முன்பே நடைபாதைக்கு எத்தனை அடி என்று கேளுங்கள்.