கலந்த பேச்சுச் சைகைகளைப் பிரித்தலும் எஞ்சும் குறுக்கீட்டைக் குறைத்தலும்

அறிமுகம்

திருமண வீடொன்றில் பலர் ஒரே நேரத்தில் பேசினாலும் அருகில் இருப்பவர் கூறுவதை உங்களால் விளங்கிக்கொள்ள முடிகின்றது. ஆனால் காது கேட்கும் கருவி அணிந்த முதியவருக்கு இது மிகக் கடினமாகும். கருவி எல்லாக் குரல்களையும் சேர்த்தே பெருப்பிப்பதே இதற்குக் காரணம். மனிதர் ஒரு குரலை எவ்வாறு பிரித்துக் கேட்கின்றனர் என்பதைக் கொலின் செரி என்னும் பிரித்தானியர் 1953 இல் ஆராய்ந்தார். அதே வேலையைக் கணினியைக் கொண்டு செய்வதே இப்பாடத்தின் பொருளாகும்.

கவனிக்குக: அலைகள் பற்றிய பாடத்தில் வரும் தலையீடு வேறு. இங்கு குறுக்கீடு என்பது, நாம் கேட்க விரும்பாத மற்றையவரின் பேச்சாகும்.

1. கலத்தலும் பிரித்தலும்

இருவரின் பேச்சுச் சைகைகள் ப, ம என்க. இரண்டு ஒலிவாங்கிகள் பெறும் சைகைகள் க, ச என்க. மேற்பொருந்துகைத் தத்துவப்படி,

க = ப + 0.5 ம
ச = 0.4 ப + ம

எனக் கொள்வோம். இவை நீங்கள் அறிந்த ஒருங்கமை சமன்பாடுகளே. ம வை நீக்கினால்,

க − 0.5 ச = 0.8 ப

ப தனியாகக் கிடைக்கின்றது. 0.8 என்னும் குணகம் ஒலியின் அளவை மட்டுமே மாற்றும்.

2. குறுக்கீடு ஏன் எஞ்சுகின்றது?

உண்மையில் 0.5, 0.4 என்னும் குணகங்களை எவரும் நமக்குத் தருவதில்லை. இருவரின் பேச்சுகளும் ஒன்றையொன்று சாராதவை என்னும் பண்பைப் பயன்படுத்திக் கணினி அவற்றை மதிப்பிடுகின்றது. இம்முறைக்குப் பியெர் கொமோன் 1994 இல் தெளிவான கணித வடிவம் கொடுத்தார். எனினும் மதிப்பீட்டில் வழு இருக்கும்.

உதாரணம்: 0.5 ஐ 0.4 எனக் கணினி மதிப்பிட்டால்,

க − 0.4 ச = 0.84 ப + 0.1 ம

இங்கு 0.1 ம என்பதே எஞ்சிய குறுக்கீடு. ப, ம சம வீச்சமுடையவை எனின்,

பிரிக்க முன் வீச்ச விகிதம் = 1 ÷ 0.5 = 2; 20 மட 2 ≈ 6 டெசிபெல்
பிரித்த பின் வீச்ச விகிதம் = 0.84 ÷ 0.1 = 8.4, 20 மட 8.4 ≈ 18.5 டெசிபெல்

முன்னேற்றம் ஏறத்தாழ 12.5 டெசிபெல் ஆகும்.

அறையின் சுவர்களும் இடரை அதிகரிக்கும். சுவரில் தெறித்து 3.4 மீற்றர் கூடுதலாகச் செல்லும் ஒலி, கதி செக்கனுக்கு 340 மீற்றர் எனின், 0.01 செக்கன் பிந்தி வரும். இவ்வாறு பல தெறிப்புகள் வருவதால் ஒரேயொரு குணகம் போதாது. எனவே சைகையைச் சிறு நேரத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு மீடிறனுக்கும் தனிக் குணகம் காணப்படும். எதிர்முழக்கம் நேரத் துண்டைவிட நீண்டால் குறுக்கீடு மீண்டும் எஞ்சும்.

3. எஞ்சியதைக் குறைத்தல்

இரண்டாம் வெளியீட்டில் பெரும்பாலும் ம வே உள்ளது. ஆகவே ம எந்நேரத்தில், எம்மீடிறனில் வலுவாக இருந்தது என்பதை அது காட்டுகின்றது. இதைக்கொண்டு முதலாம் வெளியீட்டின் ஒவ்வொரு நேர–மீடிறன் கட்டத்தையும் பின்வரும் நயத்தால் பெருக்கலாம்.

நயம் = பேச்சின் வலு ÷ (பேச்சின் வலு + குறுக்கீட்டின் வலு)

வலுக்கள் முறையே 9, 1 எனின் நயம் 0.9, அக்கட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். வலுக்கள் 1, 9 எனின் நயம் 0.1, அக்கட்டம் அடக்கப்படும். இதற்கு அடிப்படை நோபேட் வீனரின் வடிகட்டிக் கொள்கையாகும். இருவரின் பேச்சும் ஒரே கட்டத்தில் ஒருங்கே வலுவாக இருப்பது குறைவு என்பதால் இம்முறை பயன் தருகின்றது.

4. எவ்வளவு குறைக்கலாம்?

குறுக்கீட்டை முற்றாக அகற்றுவதே நல்லது என மாணவர் பலர் எழுதுவர். அது தவறு. "கல்", "பல்" என்னும் சொற்களை வேறுபடுத்துவது முதல் மெய்யெழுத்தின் மிகக் குறுகிய, மெலிந்த ஒலியே. அளவுமீறி அடக்கினால் அதுவும் அழிந்து, இரு சொற்களும் ஒன்றுபோற் கேட்கும். மேலும், அங்கொன்றும் இங்கொன்றுமாக எஞ்சும் கட்டங்கள் சிணுங்கும் ஓசையாகக் கேட்கும். எனவே நயத்துக்கு 0.1 போன்ற ஒரு கீழெல்லை இடப்படும். அதாவது 20 டெசிபெலுக்கு மேல் அடக்குவதில்லை. கேட்பவருக்கு வேண்டியது அமைதியன்று, விளங்கும் பேச்சாகும்.

நினைவிற் கொள்க: வீச்ச விகிதத்துக்கு 20 மட, வலு விகிதத்துக்கு 10 மட.

பயிற்சி

1. மேலுள்ள உதாரணத்தில் 0.5 ஐ 0.45 என மதிப்பிட்டால் பிரித்த பின் விகிதம் எத்தனை டெசிபெல்?
2. பேச்சின் வலு 3, குறுக்கீட்டின் வலு 1 எனின் நயம் யாது?
3. க = ப + 0.5 ம, ச = 2 ப + ம எனின் பிரிக்க முடியுமா? காரணம் தருக.

விடைகள்

1. 0.82 ப + 0.05 ம, விகிதம் 16.4, ஏறத்தாழ 24.3 டெசிபெல்.
2. 0.75
3. முடியாது. ச ஆனது க இன் இருமடங்கு, துணிகோவை பூச்சியம். இரண்டாம் ஒலிவாங்கி புதிய தகவல் எதனையும் தரவில்லை.