நாற்றுக்கு மண் நாமே கலப்போம்



கத்தரி, மிளகாய், தக்காளி விதை இன்று விலை அதிகம். பல குழுக்களில் கடன் எடுத்துத்தான் வாங்குகிறோம். நாற்று அழுகினால் விதையும் போச்சு, தவணை கட்ட வேண்டிய பணமும் போச்சு. நாற்று நன்றாக வர நல்ல மண்கலவை வேண்டும். அதைக் கடையில் வாங்க வேண்டாம், நம்ம ஊரிலேயே எல்லாம் இருக்கு.

தேவையானவை

• மட்கிய தென்னை நார்க்கழிவு – 2 சட்டி
• சலித்த செம்மண் – 1 சட்டி
• மட்கிய தொழுஉரம் அல்லது மண்புழு உரம் – 1 சட்டி
• வேப்பம் புண்ணாக்குத் தூள் – 6 கிலோ கலவைக்கு 100 கிராம்

எதற்கு எது?

நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும், வேருக்குக் காற்றும் விடும். செம்மண் நாற்றைத் தாங்கும். தொழுஉரம் சத்து தரும். மட்காத நார்க்கழிவைப் போட்டால் அது மட்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். நாற்று மஞ்சளாகிவிடும்.

உப்பு ஜாக்கிரதை!

மாமல்லபுரம் கரையோரத்தில் இருக்கும் நாம் கடல் மணலைச் சேர்க்கவே கூடாது. நார்க்கழிவிலும் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊறவைத்து, பிழிந்து எடுக்கணும். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்றால் மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்தலாம்.

அழுகல் வராமல் இருக்க

தண்ணீர் தேங்கினால் பூஞ்சாணம் வந்து நாற்றின் அடித்தண்டு அழுகிச் சாயும். செம்மண்ணை நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் மூடி, கோடை வெயிலில் 4 முதல் 6 வாரம் வைத்தால் பூஞ்சாணம் பெரும்பாலும் அழியும். 1 கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைக்கலாம். கலவையைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை நிற்கணும், தண்ணீர் ஒழுகக் கூடாது.

முதலில் சோதனை

விலை உயர்ந்த விதையை உடனே போடாதீர்கள். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஓட்டை போட்டு, கலவையை நிரப்பி, 10 முள்ளங்கி விதை ஊன்றுங்கள். ஒரு வாரத்தில் 8 முளைத்தால் கலவை சரி. குறைந்தால் நார்க்கழிவை மறுபடி அலசுங்கள்.

சந்தேகம் இருந்தால் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

குழுவில் பேசுவோம்

1. நம்ம ஊரில் நார்க்கழிவு எங்கே கிடைக்கும்?
2. எந்தக் கிணற்றில் உப்பில்லாத தண்ணீர் இருக்கு?
3. நாற்று வளர்த்து விற்க யார் யார் சேரலாம்?