கிழங்கின் காயமும் அழுகலும்

கந்தப்பளைப் பகுதிக் கமக்காரர் உருளைக்கிழங்கைப் பெரும் பொருட்செலவிற் பயிரிடுகின்றனர். எனினும், தோண்டியபோது நன்றாயிருந்த கிழங்கு சில நாட்களிற் சாக்கினுள்ளே கூழாகி நாறுவதுண்டு. அறுவடையின்போது பட்ட காயமே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும்.

காயம் ஆறும் விதம்

மண்ணினின்று எடுத்த பின்பும் கிழங்கு உயிருடன் சுவாசிக்கின்றது. தோல் கிழிந்தால், வெட்டுவாயிலுள்ள கலங்கள் முதலிற் தக்கை போன்ற பொருளைப் படியவைத்து வாயை மூடும். பின்னர் அதன்கீழே புதுத்தோல் உண்டாகும். ஏறத்தாழ 15 பாகை செல்சியசு வெப்பமும், ஈரப்பதமுள்ள நல்ல காற்றோட்டமும் இருப்பின், 10 முதல் 14 நாட்களில் இது நிறைவுறும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை ஆதலின், நம் மலைநாட்டின் இயற்கையே இதற்குத் துணையாகும்.

நுண்ணுயிர்களின் வேலை

மண்ணிலும் கிழங்கின் தோலிலும் மென்னழுகற் பற்றீரியாக்கள் உள்ளன. இவை காயங்களின் வழியாகவும், தோலிலுள்ள சிறு துவாரங்களின் வழியாகவும் உட்புகும். கலங்களை ஒட்டவைத்திருக்கும் பெக்ரின் என்னும் பசையைக் கரைத்துவிடுவதாற் சதை கூழாகின்றது. கிழங்கு நனைந்திருப்பின், அதன்மேற் படியும் நீர்ப்படலம் காற்றைத் தடுக்கும். காற்றின்றிக் காயம் ஆறாது. இப்பற்றீரியாக்களோ காற்றின்றியும் பெருகும். ஆகவே, காயம் முந்துமா, பற்றீரியா முந்துமா என்பது கமக்காரர் கையிலேயே உள்ளது.

செய்யவேண்டியவை

1. அறுவடைக்கு இரு வாரங்களுக்கு முன் தண்டுகளை வெட்டி அகற்றுக. தோல் முற்றி இறுகும்.

2. மழையிலும் சேற்றிலும் தோண்டற்க. மண்வெட்டியைச் செடிக்குச் சற்று விலக்கி இறக்குக.

3. கிழங்கை உயரத்திலிருந்து கொட்டற்க. கழுவற்க. மேற்புறம் உலர்ந்தபின் எடுக்க.

4. வெட்டுண்டவற்றைப் பிரித்து, முதலில் உணவுக்குப் பயன்படுத்துக.

5. சேமிக்கும் கிழங்கை இருண்ட, காற்றோட்டமுள்ள கொட்டிலில் இரு வாரம் தாழ்வாகப் பரப்பி வைத்து, அதன்பின் சாக்கிலிடுக. வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கு உண்ணத்தகாது.

6. கரட், கோவா அழுகிய சாக்குகளைப் பயன்படுத்தற்க. அவற்றையும் இதே வகைப் பற்றீரியாக்கள் அழுகச் செய்யும்.

7. விதைக்கிழங்கை இயன்றவரை வெட்டாது முழுதாக நடுக. நோயுற்ற ஒரு கிழங்கை வெட்டிய கத்தி, வாடல் நோயை மற்றவற்றிற்கும் பரப்பும்.

இம்முறைகளுக்கு மருந்துச் செலவு இல்லை. கவனமும் சில நாட் பொறுமையுமே வேண்டும். மேலும் அறிய விரும்புவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.