மூன்று மணிப் பக்கத்துத் திருகு: ஓர் இளம் வடிவமைப்பாளருக்கு



நகரத்துக்கு ஏற்ற சிறிய மின்சாரக் கார் ஒன்றும் கைக்கடிகாரம் ஒன்றுமாக நீ வரைந்து அனுப்பிய புத்தகம் வந்து சேர்ந்தது. அதன் முன்னுரையைத்தான் முதலில் படித்தேன். படித்ததும் படங்களைப் பாராமலே மூடி வைத்துவிட்டேன் என்பதை உன்னிடம் மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. சகல அநுமானங்களையும் துடைத்தெறிந்துவிட்டு வெற்றுக் காகிதத்தில் தொடங்கியதாக எழுதியிருக்கிறாய். இந்த வாக்கியத்தை எழுதாத இளம் வடிவமைப்பாளன் எவனையும் நான் இதுகாறும் சந்தித்ததில்லை; அப்படித் தொடங்கி உருப்படியான ஒன்றைச் செய்து முடித்தவனையும் சந்தித்ததில்லை. கோபம் ஆறிய பிறகுதான் படங்களைப் புரட்டினேன். கோட்டின் ஓட்டம், அளவுப் பொருத்தம், வர்ணம் முதலியவற்றைப் பற்றி உன்னோடு பேச வேண்டியதில்லை. அவை உன் கைக்கு வந்துவிட்டன. என்னை உறுத்துகிற ஒன்றிரண்டு விஷயங்களை மாத்திரம் எழுதுகிறேன். உன்னைப்போன்ற மற்றவர்களும் படிக்கட்டும் என்றே பத்திரிகை வழியாக எழுதுகிறேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

முன்னுரையில் அலெக் இஸ்ஸிகோனிஸின் மினி காரை வானளாவப் புகழ்ந்திருக்கிறாய். அந்த மனிதர் முன்னால் இருந்த காகிதம் வெறுமையாகவா இருந்தது? 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் இங்கிலாந்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, ஜெர்மனியிலிருந்து இறங்கிய முட்டை வடிவச் சிறு வண்டிகள் தெருக்களில் பெருகத் தொடங்கியபோது, பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவராயிருந்த லியோனார்ட் லார்ட் அவரை அழைத்து, நால்வர் அமரக்கூடிய உண்மையான சிறு கார் ஒன்றைச் செய்யும்படியும், ஆனால் எஞ்சின் மாத்திரம் கம்பெனி ஏற்கெனவே உற்பத்தி செய்துவருபவற்றுள் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். ஆகவே காகிதத்தின் நடுவில் கனத்த இரும்பு எஞ்சின் ஒன்று முன்கூட்டியே உட்கார்ந்திருந்தது. முன்னால் எஞ்சின், அதன் பின்னே கியர்ப்பெட்டி, பின்சக்கரங்களுக்கு ஓட்டம் என்று 1891இல் பிரான்ஸில் பனார் லெவாஸோர் கம்பெனியார் வகுத்த வரிசையைப் பின்பற்றி, அந்த எஞ்சினை நெடுக்காக வைத்தால் சுமார் பத்தடி நீளக் காரில் ஆளுக்கு இடமில்லை. அதனால் குறுக்காக வைத்தார். குறுக்காக வைத்ததும் கியர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் இடமில்லாமல் போகவே, அதை எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே இறக்கினார். முன்சக்கரங்களே வண்டியை இழுத்ததால் பின்னோக்கி ஓடும் நீண்ட தண்டும் அதற்காகத் தரையில் எழுப்பும் மேடும் ஒழிந்தன. பத்து அங்குலச் சக்கரத்துக்கு டன்லப் கம்பெனி புதிதாக டயர் செய்து கொடுத்தது. இரும்பு வில்லுக்குப் பதிலாக அலெக்ஸ் மௌல்ட்டனின் ரப்பர்க் கூம்புகள் வந்தன. 1959இல் கார் வெளிவந்தபோது அதன் தரைப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு மனிதருக்கும் மூட்டை முடிச்சுக்கும் உரியதாயிருந்தது. எஞ்சினைக் குறுக்கே வைத்ததுகூட அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல, ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. கம்பெனி 1931இலேயே அதைச் செய்திருந்தது. ஒரே ஓர் அநுமானத்தை உலுக்கிவிட்டு, அதிலிருந்து பிறந்த ஒவ்வொரு கஷ்டத்துக்கும் விடை கண்டுபிடிக்கும்வரை எழுந்திருக்காமல் இருந்தாரே, அதுவே அவருடைய பெருமை.

ஓர் அநுமானத்தை நீக்குவது வீட்டின் நடுத்தூணை எடுப்பது போன்றது; எடுத்துவிட்ட சாமர்த்தியத்தை எவரும் கேட்பதில்லை, உத்தரத்தின் பாரம் இனி எங்கே இறங்குகிறது என்றே கேட்பார்கள். மினியின் பாரமும் எங்கோ இறங்கத்தான் செய்தது. பொறி கொடுக்கும் டிஸ்டிரிபியூட்டர் முன்புறக் கிரில்லுக்கு நேரே வந்துவிட்டபடியால், பலத்த மழையில் அது நனைந்து கார் நடுவழியில் நின்றது. எஞ்சினும் கியரும் ஒரே எண்ணெயைப் பங்கிட்டுக்கொண்டன. இந்தப் பாரத்தை இன்னும் நல்ல இடத்தில் இறக்கியவர் இத்தாலியரான தாந்தே ஜியகோஸா. கியர்ப்பெட்டியை எஞ்சினுக்கு அடியில் வைக்காமல் அதன் நுனியில் பக்கவாட்டில் பொருத்தி, இரு சக்கரங்களுக்கும் செல்லும் தண்டுகள் ஒன்று நீளமாகவும் மற்றொன்று குட்டையாகவும் இருந்தால் குடிமுழுகிப் போகாது என்று துணிந்து, 1964இல் ஆட்டோபியாங்கி ப்ரிமூலாவிலும் பிறகு 1969இல் ஃபியட் 128இலும் செய்து காட்டினார். உலகம் இஸ்ஸிகோனிஸைக் கொண்டாடிவிட்டு ஜியகோஸாவைப் பின்பற்றியது. நம் நாட்டில் அம்பாஸிடர் காரின் பின்னிருக்கையில் நடுவில் அகப்பட்டுக்கொண்டு, மேட்டின் இருபுறமும் காலைப் பரப்பிக்கொண்டு பிரயாணம் செய்த தலைமுறைக்கு, 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 அவ்வளவு சிறிய உடலில் அவ்வளவு இடம் வைத்திருந்தது எப்படி என்பதற்கு விடை அதுதான். உன் முன்னுரையில் ஜியகோஸாவின் பெயர் ஒரு வரியிலாவது வரக் காணோம்.

இப்போது உன் கடிகாரத்துக்கு வருகிறேன். இரண்டு முட்களையும் எடுத்துவிட்டு, ஒரு நாளைக்கு ஒரே சுற்றுச் சுற்றும் தட்டு ஒன்றை வைத்திருக்கிறாய். தேதியும் இல்லை, விநாடியும் இல்லை. அழகாகத்தான் இருக்கிறது. நிமிஷ முள் இல்லாமை புதுமை என்று மாத்திரம் எண்ணிவிடாதே. ஹைகன்ஸ் என்னும் விஞ்ஞானி 1656இல் ஊசலைக் கடிகாரத்தில் பூட்டுவதற்கு முன், நாளொன்றுக்குக் கால்மணி நேரம் பிசகிய யந்திரங்களில் மணி முள் ஒன்றுதான் இருந்தது. பிசகுகிற யந்திரத்துக்கு நிமிஷ முள் வெறும் பகட்டு. அது கிடக்கட்டும். முகத்தையே மாற்றிவிட்ட நீ, மூன்று மணிப் பக்கத்தில் அந்தத் திருகை ஏன் அப்படியே விட்டுவைத்தாய்? சாவி கொடுக்கும் திருகை, பழுதுபார்ப்பவர்கள் கிரௌன் என்கிறார்களே அதைத்தான் சொல்லுகிறேன். உன் கடிகாரமோ பாட்டரியில் ஓடுகிற குவார்ட்ஸ். அதற்குச் சாவி கொடுப்பவர் யார்?

இந்தத் திருகுப் பித்து எனக்குப் பழைய வியாதி, நண்பர்கள் சிரிப்பார்கள். பாரிமுனையில் ஒரு மாடிப்படிக்கு அடியில், ஓர் ஆள் குனிந்து உட்காரும் இடத்தில் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடமிருந்து தொற்றியது. வரைபட அறையில் வேலை முடிந்ததும் அவர் அருகே போய் முக்காலியில் உட்கார்ந்துவிடுவேன். எச்.எம்.டி. ஜனதாவும் பழைய சுவிஸ் கடிகாரங்களும் அவர் முன் வரிசையாகக் கிடக்கும். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, பின்மூடியைத் திறப்பதற்கு முன்னமே கிரௌனை மெல்ல இழுத்து அதன் அடித்துவாரத்தைத்தான் முதலில் பார்ப்பார். மதராஸ் வேர்வையும் கடற்காற்றும் உள்ளே போகிற வாசல் அதுவே என்பார். தண்டு துருவேறியிருந்தால் கடிகாரத்தின் சொந்தக்காரரை, அவர் எவ்வளவு பெரிய உத்தியோகஸ்தராயிருந்தாலும், குளிக்கும்போது கழற்றத் தெரியாதா என்று அதட்டுவார். சாயங்காலம் ரேடியோவில் செய்திக்கு முன்னால் மணியொலி கேட்கும்போது, வேலை முடிந்த கடிகாரங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்து மாட்டுவது ஒரு சந்தியாவந்தனம் போல நடக்கும். அவர் காப்பிக்குக் காசு வாங்க மறுத்ததும், பாதி நேரம் மகனுடைய பரீட்சையைப் பற்றியே பேசியதும் இந்தக் கடிதத்துக்கு வேண்டாதவை. நல்ல கடிகாரத்தைச் செய்கிறவன் தானே சுவரில் துவாரம் போட்டு வைக்கிறானே என்று அவர் அங்கலாய்த்தது மட்டும் வேண்டியது.

அந்தத் துவாரத்தை அடைக்க முயன்றவர்கள் உண்டு. முதல் உலக யுத்தத்தில் போர்வீரராயிருந்து, தூசியும் ஈரமும் கைக்கடிகாரங்களைக் கெடுப்பதைக் கண்ணாரக் கண்ட ஜான் ஹார்வுட் என்னும் ஆங்கிலேயக் கடிகாரக்காரர், கை அசைவதனால் தானே சாவி ஏறிக்கொள்ளும் கடிகாரத்துக்கு 1924இல் சுவிட்ஸர்லாந்தில் உரிமம் பெற்றார். தானே சாவி ஏறுவது மட்டும்தான் சரித்திரத்தில் நிலைத்தது. அவர் கிரௌனையே அறவே எடுத்துவிட்டார் என்பதே எனக்கு விசேஷம். எடுத்ததோடு நில்லாமல், நேரம் திருத்தும் வேலையைக் கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்திடம் ஒப்படைத்து, கடிகாரம் திருத்தும் நிலையில் இருக்கிறதா ஓடும் நிலையில் இருக்கிறதா என்பதை டயலில் ஒரு சிறு துவாரம் வழியே நிறம் மாற்றிக் காட்டினார். பாரம் இறங்கும் இடம் ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1931இல் அவருடைய கம்பெனி நொடித்துப்போயிற்று. அது உலகப் பொருளாதார மந்தத்தின் காலம், கருத்தின் குற்றமன்று. பிறகு 1960இல் மாக்ஸ் ஹெட்ஸெல் அமைத்த புலோவா அக்யூட்ரான், விநாடிக்கு 360 முறை அதிரும் இசைக்கவையைக் கொண்டு, மாதத்துக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் பிசகாமல் ஓடியது. தினம் திருத்த வேண்டாத கடிகாரத்துக்குப் பக்கத்தில் திருகு எதற்கு என்று துணிந்து, மடித்துவைக்கும் சிறு கைப்பிடியாக அதை முதுகுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அதன் பின்பு நடந்ததுதான் வேடிக்கை. மாதத்துக்குப் பதினைந்து விநாடி பிசகினாலே அதிகம் என்னும் குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்து உலகத்தை நிரப்பின. கிரௌனோ மறுபடியும் மூன்று மணிப் பக்கத்துக்கே திரும்பி வந்து குடியேறிவிட்டது. தேதி காட்டும் கடிகாரத்துக்காவது, முப்பத்தொரு நாள் இல்லாத மாதங்களின் பொருட்டு வருஷத்தில் ஐந்து முறை அதைத் திருக வேண்டிய நிர்ப்பந்தம் உண்டு. உன்னுடையதில் தேதி இல்லை. கோடையில் ஒரு மணி, குளிரில் ஒரு மணி என்று கடிகாரத்தை மாற்றும் வழக்கமும் நம் தேசத்தில் இல்லை. பாட்டரி மாற்றும்போது எப்படியும் பின்மூடியைத் திறக்கத்தான் வேண்டும். நேரத்தையும் அப்போதே அங்கேயே வைத்துக்கொள்ளலாம். நீ எடுத்த முட்கள் கண்ணுக்குத் தெரிந்த சம்பிரதாயம். எடுக்காமல் விட்ட திருகு கண்ணுக்குத் தெரியாத சம்பிரதாயம். வெற்றுக் காகிதத்தில் தொடங்கியவன் கையில் அது தானாக எப்படி முளைத்தது?

சுவாட்ச் கடிகாரத்தையும் நினைத்துப் பார். அதை அமைத்த எல்மார் மோக்கும் ஜாக் முல்லரும், 1983இல் வெளிவந்த அந்தக் கடிகாரத்தின் முகத்தில் எந்தப் புரட்சியும் செய்யவில்லை. முட்கள் இருந்தன, கிரௌனும் மூன்று மணியில்தான் இருந்தது. ஆனால் யந்திரத்தைத் தாங்க ஒரு தட்டு, அந்தத் தட்டைத் தாங்க ஒரு கூடு என்று இரண்டு எதற்கு என்று கேட்டு, கூட்டின் அடிப்பாகத்தையே தாங்கும் தட்டாக்கி, எல்லாவற்றையும் மேல்புறமிருந்தே அடுக்கி, 51 உறுப்புகளில் முடித்துவிட்டார்கள். கண்ணாடியை ஒட்டவைத்துவிட்டபடியால் அதைத் திறந்து பழுதுபார்க்க முடியாது; பாரிமுனைப் பெரியவர் அதைக் கையாலும் தொடமாட்டார். விலை இன்னது என்று தெரிந்தே கொடுத்தார்கள். எனக்கு அந்தக் கடிகாரம் பிடிக்காது. அவர்களுடைய கேள்வியை மதிக்கிறேன்.

காரில் என்னை உறுத்தியது ஒன்றே. டாஷ்போர்டில் இருந்த பொத்தான்களையெல்லாம் கண்ணாடித் திரை ஒன்றுக்குள் போட்டுவிட்டாய்; வைப்பர்கூட அதற்குள்தான். விரலுக்குப் பழகிய பொத்தானைக் கண் தேட வேண்டியதில்லை. திரையை ஒவ்வொரு தடவையும் கண் பார்த்தே தீர வேண்டும். மழையில் லாரிக்குப் பின்னால் ஓட்டிச் செல்லுகிறவன் கண்ணை எடுத்துத் திரையில் வைப்பானா? ஐரோப்பாவில் காரின் பத்திரத்துக்கு நட்சத்திரம் அளிக்கும் யூரோ என்கேப் 2026 முதல், திரும்பும் விளக்கு, அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் தொட்டறியும் விசை இல்லாத காருக்கு உயர்ந்த மதிப்பைக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறது. அவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டுமா! எடுப்பதெல்லாம் சிந்தனை ஆகிவிடாது. டாட்டா நானோவில் சக்கரத்துக்கு மூன்றே மரைகள், ஒரே வைப்பர் என்று குறைத்ததில் நல்ல கணக்கு இருந்தது. வாங்குகிறவர் கண்ணுக்கோ குறைத்தது மாத்திரமே தெரிந்தது.

இவ்வளவு ஏசியவன் இதையும் சொல்லாவிட்டால் பாவம். காரின் பன்னிரண்டாம் பக்கத்தைப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஓட்டுநருடைய இருக்கையை நகர்த்தாமல் காரின் உடலோடு உடலாக்கி, பெடலையும் ஸ்டியரிங்கையும் அவரிடம் நகர்ந்துவரச் செய்திருக்கிறாயே, அதைச் சொல்லுகிறேன். பந்தயக் கார்களிலும், 2013இல் வந்த லாஃபெராரியிலும் இது உண்டு என்பது உனக்கும் தெரிந்திருக்கும். ஆனால் கோடீசுவரர்களின் வேகத்துக்காகச் செய்ததைக் கொண்டுவந்து, குறைந்த விலைச் சிறு காரில், பக்கவாட்டு மோதலைத் தாங்கும் குறுக்குச் சட்டமாக அந்த இருக்கையையே ஆக்கியிருக்கிறாய். இருக்கைக்கு அடியில் ஓடும் தண்டவாளம், பூட்டு, அவற்றின் கனம் எல்லாம் போயின. அவை சுமந்த வேலையை இருக்கையே சுமக்கிறது. என் வாழ்நாளில் நம்மவர் எவரும் வரைந்து நான் பார்த்தவற்றுள் இதற்கு ஈடான ஒரு பக்கத்தைக் கண்டதில்லை. இந்த ஒரு பக்கத்துக்காக உன் முன்னுரையை மன்னிக்கிறேன்.

ஆனால் நகரும் பெடலை ஒருவன் ஆபத்தில் முழுப் பலத்தோடு மிதிக்கும்போது அந்த விசையைத் தாங்குவது எது என்பதை நீ வரையவில்லை. அதை வரை. கடிகாரத்தின் பின்மூடியைக் குறுக்காக வெட்டிய படத்தையும், கிரௌன் இல்லாமல், வரை. முன்னுரையை எடுத்துவிட்டு இவ்விரண்டு படங்களையும் அந்த இடத்தில் வைத்து அனுப்பு. எனக்குக் கண் மங்கி வருகிறது, சற்றுப் பெரிய அளவில் வரைந்தால் உபகாரமாயிருக்கும்.