விபத்தில் காயமுற்றோர்க்கு உரிய இழப்பீடு

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய வட்டாரத்தில், தென்னை மரம் ஏறும் தொழிலாளி ஒருவர் மாலையில் சைக்கிளில் வீடு திரும்பும்போது வேன் ஒன்று மோதி, வலது கணுக்கால் நொறுங்கிற்று. மூன்றாம் நாள் வேன் உரிமையாளர் ஊர்ப் பெரியவர் இருவருடன் மருத்துவமனைக்கு வந்தார். இருபதாயிரம் ரூபாய் கை மாறிற்று. ஒரு தாளில் தொழிலாளியின் கைரேகையும் வாங்கப்பட்டது. சில மாதங்களில் எலும்பு கூடிவிட்டது. ஆனால் கணுக்கால் மடங்கவில்லை. பாதம் மடங்காதவர் மரத்தைப் பற்றி ஏறுவது எங்ஙனம்? பிறர் பறித்துப் போடும் காய்களைப் பொறுக்கிக் குவிக்கும் வேலையே பின்னர் அவருக்குக் கிடைத்தது, கூலியும் பாதியாயிற்று.

அந்தச் சமரசத்தை முன்னின்று முடித்த பெரியவர்களுள் ஒருவர் ஊராட்சி உறுப்பினர். அவர் கெட்ட எண்ணத்துடன் செய்தார் அல்லர். "ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் வந்துவிட்டது, இனி என்ன வேண்டும்?" என்று அவர் நம்மிடமே கேட்டார். இக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மோட்டார் வாகனத்தால் காயமுற்றவர்க்கு மருத்துவச் செலவு மட்டுமன்றி வேறு பல இனங்களிலும் இழப்பீடு பெற உரிமை உண்டு. 2010-ஆம் ஆண்டில் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வினங்களைத் தெளிவாக வகுத்துரைத்தது. பணத்தால் அளக்கக்கூடிய இழப்புகள் ஒரு வகை. மருத்துவமனை, மருந்து, போக்குவரத்து, சத்துணவு ஆகியவற்றின் செலவும், படுக்கையில் கிடந்த நாட்களில் இழந்த கூலியும், இனிமேல் வரக்கூடிய சிகிச்சைச் செலவும், ஊனத்தால் எதிர்காலத்தில் குறையும் வருமானமும் இதில் அடங்கும். பணத்தால் நேராக அளக்க இயலாதவை மற்றொரு வகை. பட்ட வலியும் வேதனையும், வாழ்க்கையின் இயல்பான இன்பங்களை இழத்தல், திருமண வாய்ப்பு குன்றுதல், ஆயுள் குறைதல் ஆகியன இதனுள் வரும். சிறு காயமாயின் செலவு, கூலி, வலி ஆகியவற்றோடு கணக்கு முடிந்துவிடும். நிரந்தர ஊனம் ஏற்பட்ட இடத்தில்தான் மற்றவை எழும்.

இவற்றுள் உழைப்பாளி ஒருவருக்கு மிகப் பெரியது எதிர்கால வருமான இழப்பே. ஆனால் நம் ஊர்ச் சமரசங்களில் ஒருவரும் வாய் திறந்து பேசாததும் இதுவேயாகும்.

மருத்துவர் அளிக்கும் சான்றில் "நாற்பது சதவீத ஊனம்" என்றிருந்தால், வருமானமும் நாற்பது சதவீதம் குறைந்ததாகக் கொள்வது தவறு. அது உடலின் கணக்கு. தொழிலின் கணக்கு வேறு. மேற்கூறிய தீர்ப்பிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய பிழைப்பே போய்விடும். அரசு அலுவலக எழுத்தராயின் வேலையும் சம்பளமும் பெரும்பாலும் நிலைத்திருக்கும். ஆகவே, காயமுற்றவர் என்ன தொழில் செய்து வந்தார், அதற்கு எந்த உறுப்பு இன்றியமையாதது, அவர் இனி வேறு என்ன தொழில் செய்யக்கூடும் என்பவற்றையெல்லாம் தீர்ப்பாயம் ஆராய வேண்டும்.

நமது தென்னைத் தொழிலாளியையே எடுத்துக் கொள்வோம். வயது 38, மாத வருமானம் 12,000 ரூபாய் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் ஆகிறது. 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுக்கேற்ற பெருக்கெண்களை வகுத்தது. 36 முதல் 40 வயது வரை அது 15. வருமான இழப்பு நாற்பது சதவீதம் என்றால் தொகை 8,64,000 ரூபாய். மரம் ஏறவே இயலாதவர் என்பது மெய்ப்பிக்கப்பட்டு, எழுபது சதவீதம் என முடிவானால் 15,12,000 ரூபாய். சொந்தமாய்த் தொழில் செய்பவர் நாற்பது வயதுக்குட்பட்டவராயின், எதிர்காலத்தில் வருமானம் உயரக்கூடும் என்பதற்காக நாற்பது சதவீதம் சேர்த்துக் கணக்கிடும் முறையும் 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றால் நிலைபெற்றுள்ளது. இருபதாயிரம் எங்கே, இத்தொகை எங்கே!

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். "வீட்டில் சும்மா இருப்பவள்தானே" என்று கூறி இழப்பீட்டைக் குறைப்பது உண்டு. விடியுமுன் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சாணம் அள்ளி, சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் களை பறிக்கச் செல்பவரைச் சும்மா இருப்பவர் என்பவரை நாம் என்னென்பது? இல்லத்தரசியின் உழைப்புக்கும் பண மதிப்பு உண்டு, அதைக் கணக்கில் எடுத்தே தீரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் வலியுறுத்தியுள்ளது.

சம்பளச் சீட்டு இல்லாத நம் மக்கள் வருமானத்தை மெய்ப்பிப்பதுதான் கடினம். ஊராட்சித் தலைவர் எழுதித் தரும் கடிதம் மட்டும் போதும் என்று பலர் நினைக்கின்றனர். அதைவிட, வேலை கொடுத்துவந்த தோப்புக்காரர் நேரில் வந்து சாட்சி கூறுவது வலுவானது. பால் கூட்டுறவுச் சங்கப் புத்தகம், வங்கிப் புத்தகம், பட்டா நகல் யாவும் பயன்படும். காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையின் காயச் சான்று, வெளியேற்றக் குறிப்பு, மருந்துக் கடைச் சீட்டுகள், வாடகைக் கார் ரசீது ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே ஒரு பையில் போட்டு வைக்க வேண்டும். ஐம்பது ரூபாய்ச் சீட்டாயினும் எறியலாகாது.

காயமுற்றவர் மீதும் தவறு இருந்தால், அந்த அளவுக்குத் தொகை குறையும். தவறு யாருடையது என்று ஆராயாமலே கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய் பெறும் வழியும் 2022 ஏப்ரல் முதல் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் உள்ளது. ஆனால் இத்தொகையை ஏற்றுக்கொண்டால் முழு இழப்பீடு கோரும் மனு அற்றுப்போகும். காயம் ஆறி, ஊனத்தின் அளவு தெரியுமுன் இதில் கையெழுத்திடுவது நன்றன்று. மோதிய வண்டி நிற்காமல் ஓடி, இன்னதென்று அறியப்படாவிட்டால், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும், மரணத்துக்கு 2,00,000 ரூபாயும் கிடைக்கும். இதற்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு ஓர் எச்சரிக்கை. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் டிரெய்லரில் ஆட்களை ஏற்றிச் செல்வது நம் ஊர்களில் வழக்கம். சரக்கு வண்டியில் வெறும் பயணியாக ஏறியவர்க்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பன்று என்பது உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. அவ்வண்டி கவிழ்ந்தால் இழப்பீட்டுச் சுமை உரிமையாளர் தலையில் விழும். நிலத்தை விற்றுக் கட்ட நேரிடும்.

விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. விபத்து நேர்ந்த ஊரிலோ, காயமுற்றவர் குடியிருக்கும் ஊரிலோ அதிகாரமுள்ள தீர்ப்பாயத்தில் மனுவைக் கொடுக்கலாம். தொலைவிலுள்ள ஊருக்கு அலைய வேண்டுவதில்லை. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர் ஆகியோர்க்கு வட்டச் சட்டப் பணிகள் குழு கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும். இக்குழு பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகிறது. காயமுற்றவர் நடக்க இயலாதவராயின், ஊராட்சி உறுப்பினர் ஒருவர் மேற்கூறிய பையையும் உறவினர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்று அங்கே விவரம் கூறலாம்.