எர்லாங் பரவிய வரலாறு

கணினிக்கு ஏவலிடுதற்கென மக்கள் வகுத்த மொழிகள் பல. அவற்றுட் சில உலகெங்கும் வழங்குகின்றன. பல, ஆக்கியோர் மனையகத்தே பிறந்து ஆங்கே மறைந்தன. பிறந்த இடத்திலேயே விலக்கப்பட்டுப் பின்னர் அயலார் கையில் வாழ்வு பெற்ற மொழியும் ஒன்று உண்டு. அஃது எர்லாங் என்பது.

சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனம் தொலைபேசி இணைப்பகங்களுக்குரிய பொறிகளை ஆக்கி வந்தது. அதன் ஆய்வுக்கூடத்தில் 1986-ஆம் ஆண்டில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் என்பார் இம்மொழியைத் தொடங்கினார். இராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகிய இருவரும் உடனுழைத்தனர். தொலைபேசிப் போக்குவரவைக் கணித்து ஆராய்ந்த டென்மார்க்கு நாட்டு அறிஞர் எர்லாங் என்பவரின் பெயரை அதற்கு இட்டனர்.

இணைப்பகத்தின் இயல்பைச் சிறிது நோக்குவோம். ஒரே வேளையில் ஆயிரக்கணக்கானோர் பேசிக்கொண்டிருப்பர். ஒருவர் பேச்சு அறுந்தால் ஏனையோர் பேச்சும் அறுதல் ஆகாது. பழுது பார்த்தற்பொருட்டு இணைப்பகத்தை நிறுத்தி வைத்தலும் இயலாது. ஆதலின் எர்லாங்கில் எழுதிய நிரல், தனித்தனிச் சிறு செயல்களாகப் பிரிந்து இயங்கும். ஒரு செயல் மற்றொன்றன் நினைவகத்திற் புகாது. செய்தி விடுத்தே உறவாடும். ஒன்று வீழ்ந்தால், அதனைக் கண்காணிக்கும் பிறிதொன்று அதனை மீண்டும் தொடங்கி வைக்கும். இயக்கத்தை நிறுத்தாமலே பழைய நிரலை நீக்கிப் புதியதைப் புகுத்தவும் கூடும்.

இத்துணைச் சிறப்பிருந்தும், 1998-ஆம் ஆண்டில் எரிக்சனின் கம்பியில்லாத் தொலைபேசிப் பிரிவு, புதிய பணிகளுக்கு எர்லாங்கை ஆளலாகாது என விலக்கிற்று. பிறர்க்கும் பொதுவான மொழிகளையே கொள்ளல் வேண்டும் என்பது அவர்தம் கருத்து. அதனை முற்றும் பிழையென யான் கூறேன். ஒரு மொழியைத் தாமே தனித்துப் பேணுதல் பெருஞ்செலவு அன்றோ? ஆயினும், கற்றோர் இலர் என்று ஆள்வோர் ஒதுக்க, ஆள்வோர் இலர் என்று கற்போர் ஒதுக்குவர். இச்சுழலில் அகப்பட்ட மொழி எங்ஙனம் கரையேறும்?

ஆர்ம்ஸ்ட்ராங் குழுவினர் தம் மொழியைப் புகழ்ந்து பேசுவதோடு அமையவில்லை. அதனை எல்லார்க்கும் விலையின்றி வழங்குமாறு நிறுவனத்தை இசைவித்தனர். அவ்வாண்டு டிசம்பர்த் திங்களிலேயே மூலநிரல் வெளியிடப்பெற்றது. பயன் உடனே விளையவில்லை. 2002-ஆம் ஆண்டில் எஜாபர்டி என்னும் செய்திப் பரிமாற்ற நிரலொன்று எர்லாங்கில் தோன்றியது. அதுவும் விலையின்றிக் கிடைப்பது. 2009-இல் எழுந்த வாட்ஸ்அப் அந்நிரலையே அடிப்படையாகக் கொண்டது. 2012-ஆம் ஆண்டளவில் ஒரே கணினி 20 இலட்சத்திற்கு மேற்பட்ட இணைப்புகளைத் தாங்குமாறு அந்நிறுவனத்தார் செய்து காட்டினர். தொலைபேசிக்கென அமைந்த மொழி கைப்பேசிச் செய்திக்கும் பொருந்தியதில் வியப்பில்லை. இதற்கிடையே, நிறுவனத்தை விட்டு நீங்கியிருந்த ஆர்ம்ஸ்ட்ராங்கை எரிக்சனே 2004-இல் மீண்டும் பணியிற் சேர்த்துக்கொண்டது.

எர்லாங்கின் எழுத்துமுறையோ புதியவர்க்கு எளிதன்று. காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி ஆகிய மூன்றிற்கும் அதில் தனித்தனித் தொழில் உண்டு. இடம் மாறினால் நிரல் இயங்காது. புள்ளிகளைப் பொருட்படுத்தாத மாணாக்கரை நெடுங்காலம் திருத்தி வந்த எனக்கு இக்கண்டிப்பு உவப்பே! பிற மொழிகளிற் பழகியோர் பலர் இதனாலேயே தயங்கினர். பிரேசில் நாட்டவரான ஜோசே வாலிம் என்பார் இத்தடையை நோக்கி எலிக்சிர் என்னும் மொழியை ஆக்கினார். 2012-இல் வெளிப்போந்த அம்மொழி, எர்லாங்கின் இயக்கப்பொறியை அவ்வாறே கொண்டு, எழுத்துமுறையைப் பெரிதும் ரூபி என்னும் மொழியை ஒப்ப அமைத்துக்கொண்டது. எலிக்சிர் பயின்றவர் எர்லாங்கில் எழுதப்பட்ட நிரல்களையும் எடுத்தாளலாம். அங்ஙனம் ஆளத் தொடங்கிய சிலர் பின்னர் எர்லாங்கையே பயிலத் தலைப்பட்டனர்.