மரக் கட்டடமும் பொருத்தும்

தமிழிலக்கணம் பயின்றார் யாவரும் புணரியலை அறிவர். நிலைமொழியும் வருமொழியும் கூடுமிடத்து ஓரெழுத்துத் தோன்றலாம், ஒன்று திரியலாம், ஒன்று கெடலாம். மொழிகள் தனித்து நிற்கும்போது காணாத மாற்றம், அவை கூடும் எல்லையிலே நிகழ்கின்றது. ஆதலின், சொற்களை மட்டும் அறிந்து புணர்ச்சியை அறியாதான் பிழையறத் தொடர் செய்ய வல்லனாகான். கட்டடக் கலைக்கும் இவ்வுண்மை பொருந்தும். மரத்தாலியன்ற கட்டடங்களில் அது மிகத் தெளிவாகப் புலப்படுதலின், அவற்றின் பொருத்துகளைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மரத்தாற் கட்டுதல் பழைய கலை. யப்பானிலே ஹோரியூஜி என்னும் பௌத்தப் பள்ளியின் ஐந்தடுக்குக் கோபுரம் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக நிலைபெற்று நிற்கின்றது. பிற்காலத்தே உருக்கும் கொங்கிறீற்றும் வந்து, பெருங் கட்டடங்களினின்றும் மரத்தை விலக்கின. எனினும் 1906 இல் ஜேர்மனியரான ஒட்டோ ஹெற்சர், பலகைகளை அடுக்கிப் பசையால் ஒட்டிப் பெருவிட்டங்கள் செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். 1990 களில் ஒசுத்திரியாவிலும் ஜேர்மனியிலும், ஓரடுக்கு நெடுக்காகவும் அடுத்த அடுக்குக் குறுக்காகவும் பலகைகளை ஒட்டிச் சுவர்போன்ற பெரும் பாளங்கள் செய்யும் முறை வளர்ந்தது. இவ்விரண்டும் மரத்திற்கு மறுவாழ்வு அளித்தன. 2015 இல் நோர்வே நாட்டுப் பேர்கன் நகரில் 14 மாடி மரக் கட்டடம் எழுந்தது. 2019 இல் அந்நாட்டுப் புரூமுண்டால் என்னும் ஊரில் 85.4 மீற்றர் உயரமுள்ள 18 மாடிக் கட்டடம் நிறைவுற்றது. 2022 இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில், மின்னுயர்த்தியும் படிகளும் அமைந்த கூடு கொங்கிறீற்றாகவும் மேல்மாடிகள் மரமாகவும் 25 மாடிக் கட்டடம் முடிக்கப்பட்டது.

இனி, மரத்தின் இயல்பைக் காண்போம். கொங்கிறீற்றை அச்சில் வார்த்தால் தூணும் விட்டமும் ஓருடலாகிவிடும். உருக்கைக் காய்ச்சி இணைக்கலாம். மரத்திற்கு இவ்விரு வழியும் இல்லை. துண்டு துண்டாக வந்து, பொருத்தினாலேயே அது கட்டடமாகின்றது. அன்றியும் மரம் எல்லாத் திசையிலும் ஒரு வலிமை உடையதன்று. நாரோட்டத்தின் வழியே இழுத்தால் அது தாங்கும் விசை, நாருக்குக் குறுக்கே இழுத்தால் தாங்குவதினும் முப்பது மடங்குக்கு மேற்பட்டது. விறகு பிளந்தோர் இதனை நன்கறிவர். ஆகவே, விட்டத்தின் நடுவே மரம் தன் வலிய திசையில் உழைக்கின்றது. பொருத்திலோ துளையும் வெட்டும் ஏற்றுத் தன் மெலிந்த திசையிலும் உழைக்க நேரிடுகின்றது.

பழைய தச்சர் ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி, மற்றொன்றின் துளையிற் புகுத்தி, குறுக்கே மரமுளை அறைந்தனர். வீட்டுக் கூரைக்கு அது சாலும். பதினெட்டு மாடியின் பாரத்திற்குச் சாலாது. இக்காலப் பொறியியலாளர் விட்டத்தின் முனையில் ஒடுங்கிய பிளவுகள் அறுத்து, அவற்றினுள் உருக்குத் தகடுகளைச் செருகி, மரத்தையும் தகட்டையும் ஊடுருவுமாறு மெல்லிய உருக்கு முளைகள் பலவற்றைச் செலுத்துவர். முளை ஏன் மெல்லியதாக வேண்டும்? பருத்த முளை தான் வளையாது மரத்தைப் பிளக்கும். அம்முறிவு முன்னறிவிப்பின்றி வரும். மெல்லிய முளையோ மரத்தை நசுக்கித் தானும் வளைந்து, பாரம் மிகுந்ததைக் காட்டும். முளை எவ்வாறு வளையும், எத்துணைப் பாரம் தாங்கும் என்பதற்குரிய கணிதத்தை டென்மார்க்கு அறிஞர் ஜொஹான்சன் 1949 இல் வெளியிட்டார். இன்றும் ஐரோப்பிய விதிகள் அதனையே தழுவியுள்ளன.

தகட்டை மரத்தினுள் மறைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. உருக்கு நெருப்பில் விரைவில் நெகிழும். பருமரமோ நிமிடத்திற்கு ஏறக்குறைய 0.7 மில்லிமீற்றர் வீதமே கரியாகும். அக்கரியே உள்மரத்திற்குக் கவசமாகும். எரியும் பொருள் எரியாப் பொருளைக் காப்பது வியப்பன்றோ!

பாளங்களாற் கட்டும் வீட்டில் நிலநடுக்கத்தின் விசையைத் தாங்குவதும் பொருத்தே. 2007 இல் இத்தாலிய ஆய்வாளர் யப்பானின் மிக்கி நகரிலுள்ள அதிர்வு மேடையில் ஏழு மாடி மரக் கட்டடம் ஒன்றை நிறுத்தி, 1995 ஆம் ஆண்டுக் கோபே நிலநடுக்கத்தின் அசைவை ஊட்டினர். அது விழாது நின்றது. பாளங்கள் விறைப்பாக இருப்ப, அவற்றைப் பிணித்த ஆணிகளும் திருகாணிகளும் சிறிது நெகிழ்ந்து அவ்வதிர்ச்சியை உட்கொண்டன.

பொருத்து வழுவினால் விளைவது யாது? நோர்வேயில் 2014 இல் திறக்கப்பட்ட பேர்க்கோலோ மரப்பாலம், 2016 பெப்ரவரியில் ஒரு பாரவண்டி செல்லுகையில் இடிந்தது. ஒரு பொருத்து, தாங்கவேண்டிய பாரத்திற்குப் போதாததாக வகுக்கப்பட்டிருந்தமையே காரணமெனக் கண்டனர். அதன்பின் ஏனைய மரப்பாலங்களும் ஆராயப்பட்டன. எனினும் 2022 ஆகத்து 15 ஆம் நாள், கட்டிப் பத்தாண்டே ஆன திரெற்றன் பாலம் ஆற்றில் வீழ்ந்தது. அதன்மேற் சென்ற இரு வாகனங்களின் சாரதிகளும் உயிர் தப்பினர். சாய்மரம் ஒன்றின் முனையில் முளைகள் கொத்தாக நின்ற இடத்தில், அக்கொத்தைச் சூழ்ந்த மரம் முழுதும், பல் பிடுங்கினாற்போலப் பெயர்ந்து வந்தமை விசாரணையிற் புலனாயிற்று. முளை ஒவ்வொன்றும் தனித்தனியே வலியதாயிருந்தும் கூட்டமாகத் தோற்றது. அந்நாட்டிலேயே, அதேவகைத் தகடும் முளையும் கொண்ட புரூமுண்டால் கட்டடம் உறுதியாக நிற்கின்றது. ஆகவே குற்றம் மரத்தினதுமன்று, அவ்வகைப் பொருத்தினதுமன்று. கணக்கில் விடுபட்டதொன்றின் விளைவே அது.

பொருத்தின் மற்றொரு பகை ஈரம். மரம் நீரை உண்டு குறுக்கே பருக்கும், உலர்ந்து சுருங்கும். அவ்வசைவிற்கு இடங்கொடாது அகன்ற உருக்குத் தகட்டில் இறுக்கினால் மரம் வெடிக்கும். நீர் தேங்கும் மூட்டிலே உளுத்தல் தொடங்கும். நீர் வடியவும் காற்றுப் புகவும் வழிவிடுதல் கணிதத்தினும் குறைந்த கடமையன்று.

நம் கல்லூரியிற் கற்று நாளைப் பொறியியலாளராகப் போகும் மாணவர்க்குக் கூறத்தக்கது இது: வரைபடத்திலே தூணும் விட்டமும் நேர்கோடுகளாகக் காணப்படும், அவை சந்திக்குமிடம் வெறும் புள்ளியாகவே தோன்றும். அப்புள்ளியைப் பெரிதாக்கி வரைந்து, அங்கே விசை எவ்வழி செல்கின்றது, முறிவதாயின் எது முதலில் முறியும், முறியுமுன் அறிகுறி காட்டுமா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை எழுதிய பின்னரே விட்டத்தின் பருமனை முடிவு செய்க. பாலத்தின்மேற் செல்வார் அப்புள்ளியைப் பாரார். அவர்க்காகப் பார்த்தல் நும் கடமை.